அண்ணன் முதுகில் தம்பியின் தோல்

ராயப்பராஜை நான் முதலில் பார்த்தபோது அவர் குப்புறக் கிடந்தார். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவருடைய முகத்தைப் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.

1961ஆம் வருஷம், ஜூன் மாதம். நான் படிப்பை முடித்து, திண்டுக்கல்லில் ஒரு சிறிய தரும ஆஸ்பத்திரியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என் பெயர் சொர்ணலட்சுமி. சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை நெய்கிற வீட்டுப் பெண். யாராவது "டாக்டரம்மா" என்று கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஆஸ்பத்திரியில் முப்பது கட்டில், ஒரே ஒரு சர்ஜன். டாக்டர் தண்டாயுதபாணி. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த குடும்பம் அவருடையது. யுத்தத்தின்போது பட்டாளத்து ஆஸ்பத்திரியில் தீப்புண் பட்ட சிப்பாய்களுக்குத் தோல் ஒட்டு வைத்துப் பழகியவர். பட்டாளத்தில் இருந்த மிடுக்கு நடையில் உண்டே தவிரப் பேச்சில் கிடையாது. வார்டைக் கூட்டுகிற அம்மாளிடம்கூட "ஏனுங்க" என்று தொடங்கித்தான் பேசுவார்.

காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. தோல் பதனிடும் இடத்தைத் திண்டுக்கல்லில் தோல் ஷாப்பு என்பார்கள். அப்படி ஒரு தோல் ஷாப்பின் முதலாளி பீர் முகமது ராவுத்தர்தான் வேனை ஓட்டி வந்திருந்தார். பின்னால் ஈரச்சாக்கின் மேல் ராயப்பராஜ் கிடந்தார். தோலை ஊறப்போடுவதற்காக மரப்பட்டையைக் கொதிக்கவைத்துச் சாறு இறக்கும் பெரிய செம்பு அண்டா, அடுப்பின் ஒரு பக்கக் கல் சரிந்ததில் சாய்ந்துவிட்டது. குனிந்து தோல்களை அள்ளிக்கொண்டிருந்தவரின் முதுகு முழுக்கவும், இடுப்புக்குக் கீழே இரண்டு தொடைகளைச் சுற்றியும் கொதிக்கிற சாறு கொட்டியிருந்தது.

"ராயப்பா, கேக்குதா? ஆஸ்பத்திரி வந்துட்டோம்ப்பா" என்று ராவுத்தர் குனிந்து சொன்னார். அவருடைய உள்ளங்கையும் வெந்திருந்தது. அண்டாவை வெறுங்கையால் நிமிர்த்தப் பார்த்திருக்கிறார்.

ராயப்பராஜ் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். "மொதலாளி, கீழ கெடந்த தோலு அம்புட்டும் வெந்து சுருண்டிருக்கும். தொட்டிக்குள்ள போட்ற வேணாம்னு சொல்லுங்க. நல்ல தோலையும் கெடுத்துரும்."

அந்த நிலைமையிலும் ஒரு மனிதனுக்கு ஆட்டுத்தோல் ஞாபகம் இருந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ராயப்பராஜுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பதின்மூன்று வயதில் தோல் ஷாப்புக்குள் போனவர். அகன்ற தோள், கறுத்த உடம்பு, பட்டைச் சாறு ஏறி ஏறிச் செங்கல் நிறமாகிப்போன உள்ளங்கைகள். ராயப்பர், சின்னப்பர் என்ற இரண்டு அப்போஸ்தலர்களின் திருநாள் ஒரே நாளில் வரும். அந்த நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவர் இவர். அரை மணி நேரம் பின்னால் பிறந்த தம்பிக்குச் சின்னப்பராஜ் என்று பெயர் வைத்தார்கள். இதெல்லாம் ராயப்பராஜின் மனைவி செபாஸ்தியம்மாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எனக்குச் சொன்னவை.

தோல் என்பது என்ன என்று எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் தோல் இல்லாத இடத்தைப் பார்த்த பிறகுதான் தோலைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியவந்தது என்று சொல்லவேண்டும். உடம்புக்குள் இருக்கிற தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்திருப்பது அதுதான். முதல் இரண்டு நாள் பாட்டில் பாட்டிலாக உப்புநீரை ரத்தக்குழாயில் ஏற்றினோம். ஏற்றியதில் பாதி அவர் முதுகு வழியாகக் கசிந்து படுக்கையை நனைத்தது. வெயில் கொளுத்துகிற ஜூன் மாதத்தில் அவர் குளிரில் நடுங்கினார். உடம்பின் சூட்டை அடக்கி வைத்திருந்ததும் தோல்தான். காற்றில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒவ்வொன்றையும் வெளியே நிறுத்தி வைத்திருந்ததும் அதுதான். காகிதக் கனமே உள்ள ஒரு பொருள், இத்தனை வேலையையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்திருக்கிறது.

மூன்றாவது வாரம் வெந்துபோன சதையெல்லாம் நீங்கி, முதுகு செக்கச்செவேல் என்று பச்சைப் புண்ணாகத் தெரிந்தது. உயிர் தங்கிவிட்டது. இனி அந்தப் புண்ணை மூடவேண்டும். சாதாரணமாக இப்படிப்பட்ட புண்ணுக்குத் தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டுவார்கள். ராயப்பராஜின் தொடைகளும் வெந்திருந்தன; வழிந்த சாறு பட்டுக் கெண்டைக்கால்களும் கொப்புளித்திருந்தன. நெஞ்சில் நல்ல தோல் இருந்தது. ஆனால் முதுகு புண்ணாக உள்ளவர் நெஞ்சின் மேல்தான் படுத்தாக வேண்டும். அந்த நெஞ்சையும் புண்ணாக்கினால் எதன் மேல் படுப்பார்? மிஞ்சியவை இரண்டு கைகள் மட்டும்.

ஆப்பரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் கட்டிலருகே வந்து விஷயத்தைச் சொன்னார். ராயப்பராஜ் தலையணையில் ஒருக்களித்த முகத்தோடு, "அய்யா, அந்தக் கத்திய நான் பாக்கலாமா?" என்று கேட்டார்.

கேட்டது ஒரு நோயாளி மாதிரி இல்லை. டாக்டர் உடனே போய்க் கத்தியை எடுத்து வந்தார். முழ நீளம், மெல்லிய அலகு, அதை ஒட்டி ஒரு சின்ன உருளை. ராயப்பராஜ் அலகைக் கண்ணருகே வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"நாங்க தோலுல ஒட்டுன சதை கழிக்கிற கத்தி மாதிரி கெடையாது இது. எம்புட்டுக் கனத்துக்கு எடுப்பீக?"

"ஒரு அங்குலத்துல நூத்துல ஒரு பங்குங்க."

"அது வெறுஞ் சருகுல்ல? ஆட்டுத்தோலச் சுண்ணாம்புக் குழியில ஊறப்போட்டா மயிரோட சேந்து மேல ஒரு சருகு கழண்டு வரும். அதச் சொரண்டி எறிஞ்சிருவோம். அதுக்குக் கீழ இருக்கதுதான் தோலு. செருப்பு, பெல்ட்டு எல்லாம் அதுலதான். சருக எடுத்து ஒட்டி என்னய்யா செய்ய?"

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சந்தோஷம்.

"ஏனுங்க ராயப்பன், நீங்க சொரண்டி எறியறதுதானுங்க உசுரு" என்றார். "செருப்பாகிற தோல் வெறும் நாருங்க. மேல இருக்குதே அந்தச் சருகு, அதோட அடி வரிசையில செல்லுன்னு சின்னச் சின்ன உசுரு லட்சக்கணக்குல இருக்குது. ஒவ்வொண்ணும் ரெண்டா பிரியும். ஒண்ணு கீழேயே தங்கிக்கும், இன்னொண்ணு மேல நகரும். நகர நகரத் தட்டையாகி, காஞ்சு, செத்து, மேல் வந்து உதிந்துரும். கீழ பிறந்து மேல உதிர ஏறக்குறைய ஒரு மாசமுங்க. நீங்க இன்னிக்குத் தொட்டுப் பாக்கற மேல்தோல் போன மாசம் அடியில பிறந்ததுங்க."

"ஆட்டுக்கும் அப்பிடியா?"

"ஆட்டுக்கும் அப்படித்தானுங்க."

 ராயப்பராஜ் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தச் செங்கல் நிற உள்ளங்கை, மூன்று வாரம் பட்டைச் சாறு படாததில் ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"இருபத்தஞ்சு வருசமா எறிஞ்சிருக்கேன். ஒரு நாள்கூட அது என்னன்னு தெரியாமப் போச்சே" என்றார்.

கைகளிலிருந்து எடுத்த தோல் தொடைகளுக்கும் முழங்கால் மடிப்புகளுக்குமே சரியாகப் போய்விட்டது. அது நன்றாகப் பிடித்தது. தோல் எடுத்த கைகளில், மயிர்க்கால்களின் வேரில் ஒளிந்திருந்த செல்கள் மேலே ஏறி வந்து பத்துப் பன்னிரண்டு நாளில் இடத்தை மூடிவிட்டன. முதுகு மட்டும் திறந்தே கிடந்தது. ராயப்பராஜ் மெலிந்துகொண்டே போனார். தின்கிற முட்டையும் பாலும் எல்லாம் முதுகு வழியாக ஒழுகின. கைத்தோலை மறுபடி எடுக்கும் அளவுக்கு அவர் தேறும்வரை அந்தப் புண்ணை எதைக்கொண்டாவது மூடவேண்டியிருந்தது.

டாக்டர், செபாஸ்தியம்மாளையும் தம்பி சின்னப்பராஜையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "அடுத்தவங்க தோல் நிலைக்காதுங்க. ரெண்டு வாரமோ மூணு வாரமோ இருந்துட்டுக் கழண்டுரும். எங்க கொய்யாத் தோப்புல ஒரு மரத்துக் கிளையை இன்னொரு மரத்துல ஒட்டினாப் பிடிச்சுக்கும். மனுச உடம்பு அப்படிச் சேத்துக்காதுங்க. ஆனா அந்த ரெண்டு வாரம் கிடைச்சாப் போதும், இவரு தேறிக்குவாரு" என்றார்.

"என் தோல எடுத்துக்கங்க" என்று செபாஸ்தியம்மாள் எழுந்தே நின்றுவிட்டார்.

சின்னப்பராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரட்டைப் பிள்ளைகள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தம்பி ஒல்லி, கொஞ்சம் கூன், மூக்குக் கண்ணாடி, வெயில் படாத வெளுத்த உடம்பு. ஏழு வயதில் வந்த அம்மைத் தழும்பு முகம் முழுக்க. அண்ணனோடு அதே பதின்மூன்று வயதில் தோல் ஷாப்புக்குள் போனவர்தான். சுண்ணாம்புக் குழியின் நாற்றத்தில் வாந்தி எடுத்து, மதியத்துக்குள் ஓடிவந்துவிட்டார். பிறகு சித்தையன்கோட்டையில் தையல் கற்றுக்கொண்டு அங்கேயே கடை போட்டுக்கொண்டார். கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டாராம். "எங்க கொழுந்தனாரு ஊசி குத்துனாலே மயங்கிருவாரு" என்று செபாஸ்தியம்மாள் முன்பே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார்.

அண்ணி முன்வந்ததும் சின்னப்பராஜும் தலையசைத்துச் சம்மதித்தார். ஆனால் அண்ணி சொன்ன மாதிரியே நடந்தது. மரத்துப்போக மருந்து போட்டு, தொடையில் கத்தியை வைத்து ஒரு கட்டைவிரல் அகலம் டாக்டர் எடுத்திருப்பார். எட்டிப் பார்த்த சின்னப்பராஜ் கண் செருகி மேசையிலேயே சாய்ந்துவிட்டார். டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டார். "பயத்தோட ஒருத்தர்கிட்ட இருந்து எடுக்கக் கூடாதுங்க" என்றார். மீதி எல்லாம் செபாஸ்தியம்மாளின் தொடைகளிலிருந்து வந்தது. முதுகில் அந்தத் தோலைப் பட்டை பட்டையாகப் பரப்பினோம். சின்னப்பராஜின் அந்தக் கட்டைவிரல் அகலத் துண்டை வீணாக்க வேண்டாம் என்று, இடது தோளுக்குக் கீழே ஒரு இடைவெளியில் வைத்தோம். மயக்கம் தெளிந்த சின்னப்பராஜ் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது பட்டைகள் எல்லாம் இளஞ்சிவப்பாகப் பிடித்திருந்தன. ராயப்பராஜுக்குக் காய்ச்சல் விட்டது. பசி எடுத்தது. பத்தாம் நாள் செபாஸ்தியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் தொடைக்கட்டின் வலியோடு நொண்டி நொண்டி வந்து, கணவரின் முதுகை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தானே ஒட்டியிருக்கு. டாக்டரய்யா கழண்டுரும்னு சொன்னாரே, அது எல்லாருக்கும் இல்லல்ல?" என்று கேட்டார்.

 எனக்கே அந்த நப்பாசை இருந்தது.

பதினான்காம் நாள் பட்டைகளில் ஊதாப் புள்ளிகள் தெரிந்தன. அடுத்த நாள் நிறம் மங்கியது. பதினேழாம் நாள் காலை, கட்டை உப்புநீரில் நனைத்துப் பிரித்தேன். செபாஸ்தியம்மாளின் தோல் துணியோடு சேர்ந்து ஈரக் காகிதம் போல வந்தது. இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற செபாஸ்தியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "இருபது வருசம் கூட வாழ்ந்திருக்கேன். என் தோலு வேணாம்னு சொல்லிருச்சே உங்க உடம்பு" என்றார், கணவரிடம். ராயப்பராஜ் குப்புறக் கிடந்தபடியே கையைப் பின்னால் நீட்டி அவர் சேலையைப் பிடித்துக்கொண்டார். "நானா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார்.

நான் பஞ்சை நனைத்து மிச்சங்களைத் துடைத்துக்கொண்டே வந்தேன். இடது தோளுக்குக் கீழே ஒரு துணுக்கு வரவில்லை. மறுபடி துடைத்தேன். வரவில்லை. குனிந்து பார்த்தேன். சுற்றிலும் எல்லாம் அழுகி வழிந்துகொண்டிருக்க, நடுவில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு தீவு. இளஞ்சிவப்பு. அதைச் சுற்றி முத்து நிறத்தில் மெல்லிய ஓரம் ஒன்று, அரிசி அகலத்துக்கு வெளியே பரவியிருந்தது. புதுத் தோல். அது வளர்ந்துகொண்டிருந்தது.

 டாக்டரின் அறைக்கு நான் நடக்கவில்லை, ஓடினேன்.

அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தத் துணுக்கைப் பத்து நிமிஷம் பார்த்திருப்பார். பிறகு எழுந்து, ராயப்பராஜின் தலையை மெல்லத் திருப்பி, காதைப் பார்த்தார். காது மடலின் மடிப்பை விரலால் தடவினார்.

"ஏனுங்க, உங்க தம்பி காது இப்படித்தான் இருக்குமுங்களா?"

யாருக்கும் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக யாரும் அந்த இரண்டு பேரின் காதுகளைச் சேர்த்துப் பார்த்ததில்லை. எல்லோரும் நிறத்தைப் பார்த்தார்கள், பருமனைப் பார்த்தார்கள், அம்மைத் தழும்பைப் பார்த்தார்கள். செபாஸ்தியம்மாள்தான் யோசித்து யோசித்துச் சொன்னார். "எங்க மாமியா ஒண்ணு சொல்லும். ரெண்டு பயலுக்கும் நஞ்சுக்கொடி ஒண்ணுதான் விழுந்துச்சுன்னு. அதுல என்ன இருக்குன்னு எனக்கு வெளங்கல."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் அஞ்சு நாள் பாக்கலாமுங்க. அது அப்பவும் இருந்தா, அந்தத் தையக்காரரு வரணும்."

ஐந்து நாளில் முத்து ஓரம் இரண்டு அரிசி அகலம் ஆனது.

சித்தையன்கோட்டைக்குச் செபாஸ்தியம்மாளே போனார். மறுநாள் காலை, கழுத்தில் அளவு நாடாவோடு சின்னப்பராஜ் வந்து நின்றார். கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்கிறார். முதலில் நான் அவருடைய காதுகளைத்தான் பார்த்தேன். அச்சாக அண்ணன் காது. அதே உள்மடிப்பு, கீழே அதே சின்ன வெட்டு. ஒரு மாதத்துக்கு மேலாக இந்த இரண்டு பேரையும் பார்த்திருக்கிறேன், இதைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

சின்னப்பராஜ் என்னிடம், "அண்ணன் முதுக நான் பாக்கணும்" என்றார்.

"வேண்டாம். உங்களுக்கு மயக்கம் வரும்" என்றேன்.

"வந்தா வருது."

கட்டைத் திறந்தேன். அவருடைய உதடு வெளுத்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத விதமாக, கழுத்திலிருந்து நாடாவை எடுத்தார். புண்ணின் மேல் படாமல், அரை அங்குலம் உயரத்தில் பிடித்து நீளம் பார்த்தார். அகலம் பார்த்தார்.

"பதினெட்டுக்குப் பதினாலு" என்றார். குரல் மாறியிருந்தது. அது கடையில் நிற்கிற தையற்காரரின் குரல். "டாக்டரய்யா, எந்தொடையில எம்புட்டு அகலத்துக்குப் பட்டை வரும்?"

"மூணு அங்குலம் வருமுங்க."

"எடுத்தபொறகு சுருங்குமா?"

"சுருங்குமுங்க. ஓரம் கொஞ்சம் உள்ள வாங்கும்."

"அப்ப சேத்துச் சேத்து வைக்காதீக. கால் அங்குலம் எடம் விட்டு வைங்க. அதுவா பரவித்தான் மூடிருதே, இப்பத்தான பாத்தேன்." விரலால் அந்தத் தீவைக் காட்டினார். "ஒரே தடவையில எடுக்க முடியாது. ரெண்டு தடவை வேணும். சரிதானய்யா?"

"மிகச் சரிங்க" என்றார் டாக்டர். பட்டாளத்தில் மேலதிகாரிக்குச் சொல்வது போலச் சொன்னார்.

ராயப்பராஜ் தலையணையில் முகம் புதைத்தபடி சிரித்தார். "ஏலே, நீதானா பேசுற?"

"செத்த நேரம் சும்மா கெடண்ணே, அளவு எடுக்கும்போது அசையாத" என்றார் தம்பி.

அன்று பிற்பகல் செபாஸ்தியம்மாள் என்னிடம் நேராக வந்து கேட்டார். "டாக்டரம்மா, எனக்கு ஒண்ணு தெரியணும். என் தோலு ஏன் ஆகல? அவுக தம்பி தோலு மட்டும் எப்பிடி ஆச்சு?"

ஆஸ்பத்திரியில் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. அதை வார்டுக்குக் கொண்டுவந்து ராயப்பராஜின் கட்டிலருகே ஜன்னலோரம் வைத்தேன். ஒரு மழுங்கிய குச்சியால் செபாஸ்தியம்மாளின் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, கண்ணாடியில் தடவி, நீலச்சாயம் ஒரு சொட்டு விட்டேன். அதே மாதிரி சின்னப்பராஜுக்கு. அதே மாதிரி கட்டிலில் கிடந்த ராயப்பராஜுக்கு. செபாஸ்தியம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் பார்த்தார். 

"என்ன தெரியுது?"

"அப்பளம் மாதிரி தெரியுது. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு நீலப் பொட்டு."

"அதுதான் செல்லு. உங்க உடம்பு முழுக்க அதுதான், கோடி கோடியா. அந்த நீலப் பொட்டுக்குள்ள நூல் மாதிரி நாற்பத்தாறு இழை இருக்கு. பாதி உங்க அம்மாகிட்ட இருந்து, பாதி உங்க அய்யாகிட்ட இருந்து வந்தது. நிறம், உயரம், காது எப்படி மடங்கணும் எல்லாம் அந்த இழையிலதான் எழுதியிருக்கு."

நாற்பத்தாறு என்று சொல்லும்போது எனக்குச் சற்றுத் தயக்கம். காலேஜில் எனக்கு நாற்பத்தெட்டு என்றுதான் கற்றுக்கொடுத்தார்கள். அதை யாரோ மறுபடி எண்ணிப் பார்த்து நாற்பத்தாறுதான் என்று கண்டுபிடித்து ஐந்தாறு வருஷம்தான் ஆகிறது என்று டாக்டர்தான் ஒரு பத்திரிகையில் காட்டினார். மனிதனுக்குள் எத்தனை இழை என்பதே நேற்றுவரை மனிதனுக்குத் தெரியவில்லை.

செபாஸ்தியம்மாள் மூன்று கண்ணாடிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மூணும் ஒண்ணு மாதிரித்தானே இருக்கு?"

"ஆமா. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனா உடம்புக்குத் தெரியுது."

"எப்பிடி?"

"அது இன்னும் யாருக்கும் சரியா புரியலம்மா" என்றேன். அவ்வளவு நேரம் விளக்கிய எனக்கு, அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னபோதுதான் உடம்பு சிலிர்த்தது. அந்த அறையில் மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாத, படித்தவளுக்கும் தெரியாத ஒன்றைக் குப்புறக் கிடந்த ஒரு மனிதனின் முதுகு பதினேழு நாளில் கண்டுபிடித்திருந்தது.

"அவங்க ரெண்டு பேரும் தாயார் வயித்துல ஒரே ஒரு செல்லாத்தான் ஆரம்பிச்சாங்க" என்று தொடர்ந்தேன். "அது ரெண்டு, நாலு, எட்டுன்னு பெருகும்போது, ஏதோ ஒரு நாள் ரெண்டு கூறாப் பிரிஞ்சிருச்சு. அதனால ரெண்டு பேருக்கும் எழுத்து ஒண்ணு. அண்ணன் உடம்பு தம்பி தோலைப் பாத்து, இது நான்தான்னு நினைச்சுக்கிச்சு."

கட்டிலிலிருந்து ராயப்பராஜின் குரல் வந்தது. "டாக்டரம்மா, பிரியிறதுக்கு முன்னால எம்புட்டு நாளு?"

"நாலு நாள், ஆறு நாள் இருக்கலாம்."

"அந்த நாலு நாளு நாங்க ரெண்டு பேரா, ஒரு ஆளா?"

நான் சின்னப்பராஜைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.  

ஆகஸ்டு கடைசியில் முதல் ஆப்பரேஷன், மூன்று வாரம் கழித்து இரண்டாவது. இரண்டு தடவையும் சின்னப்பராஜ் தானே நடந்து வந்து மேசையில் ஏறிப் படுத்தார். "கண்ண மட்டும் கட்டிருங்க" என்று கேட்டுக்கொண்டார். அவர் சொன்னபடியே கால் அங்குலம் இடைவெளி விட்டுப் பட்டைகளை வைத்தோம். ஒரு பட்டைகூடக் கழலவில்லை. இடைவெளிகளில் இரண்டு கரையிலிருந்தும் முத்து ஓரம் நகர்ந்து வந்து நடுவில் சேர்ந்துகொண்டது. தினமும் காலையில் கட்டைப் பிரிக்கும்போது ஒரு கோலம் தானாக நிறைவதைப் பார்க்கிறவள் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

செபாஸ்தியம்மாளின் மனக்குறையை டாக்டர்தான் தீர்த்து வைத்தார். "அந்தப் பதினேழு நாள் உங்க தோல் மூடி வைக்கலேன்னா, தம்பி தோலை ஒட்டறதுக்கு இங்க ஆளே இருந்திருக்க மாட்டாருங்க" என்றார்.  அன்றைக்குச் செபாஸ்தியம்மாள் வார்டில் உள்ள எல்லோருக்கும் தன் கையால் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

அக்டோபரில் ராயப்பராஜ் வீட்டுக்குப் போனார். வலது கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்க முடியாது. ஒட்டிய தோலில் வியர்வை வராது, எண்ணெய்ப் பசையும் கிடையாது. வெயில் காலத்தில் ஈரத்துணியை முதுகில் போட்டுக்கொள்ள வேண்டும், தினமும் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். பீர் முகமது ராவுத்தர் அவரைச் சுண்ணாம்புக் குழிக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் விடவில்லை. பதனிட்ட தோலை விரலால் தடவித் தரம் பிரிக்கிற வேலையில் உட்கார வைத்தார். அது அங்கே பெரிய வேலை.

மறுவருஷம் பிப்ரவரியில் ஒரு காலை, வெளிநோயாளிகள் வரிசையில் நிற்காமல் நேராக என் மேசைக்கு வந்தார். மூச்சு வாங்கியது. சைக்கிளை வேகமாக மிதித்து வந்திருக்கிறார்.

"எறும்பு!" என்றார்.

"என்ன எறும்பு?"

"முதுகுல எறும்பு ஊருச்சு டாக்டரம்மா! தோலு மேல உக்காந்திருந்தேன். முதுகுல என்னமோ நகருது. சட்டையக் கழத்திப் பாத்தா கட்டெறும்பு. எனக்குத் தெரிஞ்சுச்சு! ஆறு மாசமா அங்க தொட்டா மரக்கட்டையத் தொட்ட மாதிரில்ல இருக்கும்!"

சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுக்கச் சொன்னேன். பஞ்சை நூலாகத் திரித்து முதுகில் அங்கங்கே தொட்டேன். "இப்ப தெரியுது... இப்ப தெரியல... இப்ப தெரியுது" என்று அவர் சொல்லச் சொல்ல, தெரிகிற இடத்தை எல்லாம் நீல மையால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். பழைய புண்ணின் ஓரங்களிலிருந்து உள்நோக்கி, இரண்டு விரற்கடை தூரம்வரை, சுற்றிலும் புள்ளிகள். அவருடைய சொந்த நரம்புகள் ஓரத்திலிருந்து கிளம்பி, தம்பியின் தோலுக்குள் வழி தேடி நடந்துகொண்டிருந்தன. நாளுக்கு எவ்வளவு தூரம் போயிருக்கும்? ஒரு மயிரிழை இருக்கலாம்.

டாக்டரும் வந்து நின்று பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்த நீலப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே நின்றோம். ராயப்பராஜ் தலையை மட்டும் திருப்பி, "என்னய்யா, நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார் டாக்டர். "செத்த நேரம் அப்படியே இருங்க. இன்னும் கொஞ்சம் பாத்துக்கறோம்."